30 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ஸ்பீக்கர் ஒத்துவரும்?

செவிவழி (கேள்வி)

வணக்கம். என்னிடம் இருப்பது சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். கிளாஸ் ஏபி, 8 ஓமில் சேனலுக்கு 30 வாட். பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு மேலே "6 – 16 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. அறை 12க்கு 14 அடி, உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து 8 அடி தள்ளி. இப்போது ஓடும் ஜோடி 87 டெசிபல், 8 ஓம். ஒலியில் குறையில்லை, ஆனால் பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் உப்பிப் பிளந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று:

அ) சின்னப் பெட்டி, 5 அங்குல வூஃபர் (பாஸ் ஒலிக்கும் பெரிய கோன்), பின்பக்க போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை). 85 டெசிபல், 6 ஓம், மினிமம் 4.8 ஓம். "25 – 100 வாட்".
ஆ) கொஞ்சம் பெரிய பெட்டி, 6.5 அங்குல வூஃபர், முன்பக்க போர்ட். 89 டெசிபல், 8 ஓம், மினிமம் 5.2 ஓம். "20 – 120 வாட்".
இ) டவர், இரண்டு 6.5 அங்குல வூஃபர். 91 டெசிபல், 4 ஓம், மினிமம் 3.2 ஓம். "30 – 200 வாட்".

மூன்றுக்கும் சென்சிடிவிட்டி (மேலே உள்ள டெசிபல், அதாவது கொடுத்த வோல்ட்டுக்கு எழும் சத்தம்) 2.83 வோல்ட், 1 மீட்டரில் கொடுத்திருக்கிறார்கள். 200 வாட் ஸ்பீக்கரை 30 வாட்டில் ஓட்டினால் ஏதாவது கெடுமா? 91 டெசிபல்தான் அதிகம் என்பதால் "இ"தான் என் ஆம்ப்ளிஃபையருக்குச் சுலபமா?

டெசிபல்தாசன்

100, 200 வாட் என்றெல்லாம் எழுதியிருப்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு அல்ல. 30 வாட் ஆம்ப்ளிஃபையரோடு 200 வாட் ஸ்பீக்கர் நிம்மதியாக ஓடும்.

பார்க்க வேண்டிய முதல் எண் சென்சிடிவிட்டி. வாட் இருமடங்கானால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு "இரண்டு பங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். அதனால் 30 வாட்டை விட்டு 45 வாட்டுக்குப் போவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, 85-ஐ விட்டு 89-க்குப் போவதில் நிறையக் கிடைக்கும். "ஆ" 30 வாட்டில் எழுப்பும் சத்தத்தை "அ" எழுப்ப வேண்டுமானால் அதற்கு 8 ஓமில் 75 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் தேவை.

உங்கள் அறைக்குக் கணக்கு: 8 ஓமில் 30 வாட் என்றால் 15.5 வோல்ட். 2.83 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது 15 டெசிபலுக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். "ஆ"வில் 89 + 15 = 104 டெசிபல், அதுவும் 1 மீட்டரில். 8 அடியில் சுமார் 5 டெசிபல் கழியும் (திறந்தவெளியானால் 7.7 கழியும், அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருகின்றன). இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக உட்காரும் இடத்தில் உச்சம் 101, 102 டெசிபல். "அ"வில் அதே கணக்கு 97, 98. தயாரிப்பாளர்கள் சென்சிடிவிட்டியைச் சற்றுத் தாராளமாகவே எழுதுவார்கள், அதனால் இரண்டிலும் இன்னும் 2 டெசிபல் கழித்தே நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் சராசரி 75, 80 டெசிபலில் கேட்பதே நல்ல சத்தம்தான். ஆனால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்காமல் பதிவு செய்த இசையில் ஒரு மிருதங்க அடி சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே எகிறும். வாட் முழுக்கச் செலவாவது அந்தக் கண நேரத்துக்குத்தான்.

இப்போது "இ". அங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். எனவே அந்த 91 டெசிபல் 2 வாட்டுக்கு வந்த சத்தம். ஒரு வாட்டுக்கு என்று பார்த்தால் 88 தான், "ஆ"வைவிடக் குறைவு. சுலபமான ஸ்பீக்கர் போலத் தெரிகிறது, உண்மையில் ஆம்ப்ளிஃபையரிடம் அதிகம் கேட்கிறது.

கெடுமா என்று கேட்டீர்கள். வாட் குறைவாக இருப்பதால் எதுவும் கெடாது. போதாத வாட்டை வைத்துக்கொண்டு குமிழை முறுக்கினால்தான் கெடும். ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகும்போது அலையின் தலை வெட்டுப்படும். பாஸ் அதற்கு மேல் ஏறாது. ஆனால் குமிழைத் திருப்பத் திருப்ப மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும், வெட்டுப்பட்ட இடத்தில் பிறக்கும் புது ஹார்மானிக்ஸும் (மூல ஒலியின் மடங்குகளான மேல் அதிர்வெண்கள்) அதோடு சேரும். எல்லாம் போய் விழுவது மேல் ஸ்தாயியை ஒலிக்கும் ட்வீட்டரின் மெல்லிய காயிலில். 100 வாட் ஸ்பீக்கர் என்றாலும் அதன் ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான். "ஸ", "ச" ஒலிகள் கீறுவது போலவும், பாஸ் அடி தட்டையாகவும் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள். ட்வீட்டர் போய்விட்டதோ என்ற சந்தேகம் வந்தால் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டர் முன்னாலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாருங்கள், அது பேசுகிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும்.

காகிதத்தில் பார்த்தால் என் ஓட்டு "ஆ"வுக்கு.

மின்னோட்டம்

டெசிபல்தாசன் சொன்னதில் மாற்றமில்லை. ஓம் பக்கத்தை மட்டும் விரிக்கிறேன்.

"8 ஓம்" என்பது ஒரு பெயர்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும், ஓரிடத்தில் 30 ஓம், இன்னோரிடத்தில் 5 ஓம். ஐஇசி 60268-5 தரவிதிப்படி மினிமம், பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 6.4. உங்கள் "ஆ" 5.2 வரை இறங்குகிறது, ஆக கறாராகப் பார்த்தால் அது 6 ஓம் ஸ்பீக்கர். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் ஆம்ப்ளிஃபையரின் எல்லைக்குள்தான் வருகிறது.

அதே 15.5 வோல்ட்டில் உச்ச மின்னோட்டத்தைப் பாருங்கள். 8 ஓமில் 2.7 ஆம்பியர், "ஆ"வின் 5.2 ஓமில் 4.2, "இ"யின் 3.2 ஓமில் 6.9. சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சேனலுக்கு ஒரே ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டரும் உள்ள ஆம்ப்ளிஃபையர் அந்த 6.9-ஐத் தராமல் போகலாம். வோல்ட் சரியும், ஹீட்சிங்க் கொதிக்கும், பாதுகாப்பு ரிலே "டக்" என்று விடுபடும். வாட் குறைந்த எல்லா ஆம்ப்ளிஃபையரும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1978-ல் வந்த என்ஏடி 3020 வெறும் 20 வாட்தான், ஆனால் தாழ்ந்த ஓமிலும் மின்னோட்டம் தரும்படி கட்டியதால் அதைவிடப் பெரிய எண் எழுதிய பலவற்றைவிட நன்றாக ஓட்டியது. உங்களுடையதில் தயாரிப்பாளரே 6 ஓம் என்று கோடு போட்டிருக்கிறார், அதை மதியுங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் உங்களுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்று அளந்துவிடுங்கள். ஒரு மல்டிமீட்டர் போதும்.

மைனஸ் 12 டெசிபல் அளவில் 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியோ எடிட்டர் எதிலும் உண்டாக்கலாம், உச்ச அளவு 0.25 (முழு அளவில் நாலில் ஒன்று) என்று கொடுத்தால் அதுதான் மைனஸ் 12. பிளேயரில் வால்யூம் சமன்செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டோனின் அளவை அது மாற்றிவிடும். டோன் குமிழ்கள் நடுவில் இருக்கட்டும். இப்போது உங்களுக்குப் பழக்கமான, அமுக்கப்படாத பாடலை, இதற்கு மேல் ஒருபோதும் வைக்க மாட்டேன் என்ற அளவுக்கு வையுங்கள். பிறகு குமிழைத் தொடாமல் டோனை ஓடவிட்டு, ஒரு சேனலின் சிவப்பு கறுப்பு முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள். மீட்டர் கம்பிகளின் முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நாலைந்து வினாடி போதும். 100 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், மலிவான மீட்டர்கள் உயர் அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டும்.

வந்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். உங்கள் பாடல் அதிகபட்சமாகக் கேட்கக்கூடிய வோல்ட் அது. உங்கள் ஆம்ப்ளிஃபையரின் எல்லை 15.5, அதாவது மீட்டரில் 3.9.

செவிவழி

அளந்தேன். இரண்டு மூன்று பாடல்களில் பார்த்ததில் அதிகபட்சம் 1.9 வோல்ட். 4-ஆல் பெருக்கினால் 7.6. வால்யூம் குமிழ் அப்போது 11 மணி நிலையில் இருந்தது. அப்படியானால் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

மின்னோட்டம்

7.6 வோல்ட், 8 ஓமில் 7 வாட் சொச்சம். உங்கள் உச்சமே அவ்வளவுதான், சராசரி அரை வாட்டைக்கூடத் தொடாது.

குமிழை நம்பாதீர்கள். அது வாட் காட்டும் முள் அல்ல, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு குறைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் பிளேயர் 2 வோல்ட் தருகிறது, ஆம்ப்ளிஃபையர் 250 மில்லிவோல்ட்டிலேயே முழு வாட்டை எட்டிவிடும் என்று வைத்துக்கொண்டால், குமிழ் 18 டெசிபல் குறைத்து நிற்கும்போதே எல்லை வந்துவிடும். 7.6-லிருந்து 15.5-க்கு இடைவெளி 6 டெசிபல்தான். 11 மணியிலிருந்து அது அதிக தூரம் இல்லை.

இந்த அளவை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் என் பதிலும் கொஞ்சம் மாறுகிறது. 87-லிருந்து "அ"வின் 85-க்கு வந்தால் 2 டெசிபல் கூடுதலாகத் தர வேண்டும், 9.6 வோல்ட். எல்லைக்கு இன்னும் 4 டெசிபல் இருக்கிறது. "ஆ"வுக்கு 6 வோல்ட் போதும், 8 டெசிபல் மிச்சம். "இ"கூட 4.8 வோல்ட்டில் 2.1 ஆம்பியர்தான் இழுக்கும், நீங்கள் கேட்கும் சத்தத்தில் ஓடிவிடும். ஆனாலும் அதை ஒதுக்கவே சொல்வேன். வீட்டில் வேறு யாராவது குமிழை ஏற்றினால் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

கோன்பேப்பர்

அந்த அளவு வந்தபிறகு "அ"வை சென்சிடிவிட்டி குறைவு என்று தள்ளுவது சரியில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், உயர்ந்த சென்சிடிவிட்டி மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. எதாவது இரண்டைத்தான் எடுக்கலாம். கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனப் பெயரில் உள்ள "எச்", ஹாஃப்மன் என்பவர், அவர் பெயராலேயே இந்த விதியைச் சொல்வார்கள். 85 டெசிபல் என்பது பல நேரங்களில் சின்னப் பெட்டியில் பாஸ் இறங்குவதற்காக வடிவமைப்பாளர் தெரிந்தே கொடுத்த விலை. பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சுமார் 83 டெசிபல்தான். ஆனால் முதலில் வந்தது 15 ஓம் என்பதால் மின்னோட்டம் அதிகம் கேட்காது, சின்ன ஆம்ப்ளிஃபையரோடும் ஒத்துப்போகும்.

"அ"வில் கவனிக்க வேண்டியது பாஸ் குமிழ். 5 அங்குல வூஃபர் கொஞ்சம் மெலிந்து கேட்கும், கை தானாகக் குமிழுக்குப் போகும். 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நாலு மடங்கு வாட் வேண்டும். மிச்சம் இருந்த 4 டெசிபல் அங்கேயே போய்விடும், ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகும். போர்ட்டின் சுருதிக்குக் கீழே வூஃபரைப் பிடித்து நிறுத்தக் காற்றும் இல்லாததால் கோன் கட்டுமீறி ஆடும். பாஸ் குமிழைத் தொடுகிற பழக்கம் இருந்தால் "ஆ". இல்லை என்றால் இரண்டும் சரி.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கப் போகிறீர்கள்?

செவிவழி

பாஸ் குமிழ் எப்போதும் நடுவில்தான். சுவருக்கும் பெட்டிக்கும் 15 செ.மீ. கிடைக்கும், அதற்கு மேல் இடமில்லை. கம்பி 5 மீட்டர், பழைய 0.75 சதுர மி.மீ.

கோன்பேப்பர்

சுவர் நெருங்க நெருங்கப் பாஸ் கூடும். 15 செ.மீ. இடைவெளியில் "அ"வின் மெலிவை சுவரே ஓரளவு நிரப்பிவிடும். ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் பின்பக்க போர்ட்டில் ஃபோம் அடைப்பான் வையுங்கள், சில ஸ்பீக்கரோடு அதுவே வரும். ஃபோம் கையால் அழுத்தினால் சுருங்கி, விட்டால் போர்ட்டின் சுற்றுச்சுவரைப் பிடித்து நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தளர்ந்த பஞ்சைத் திணித்தால் உள்ளே விழுந்துவிடும்.

கம்பியை மாற்றிவிடுங்கள். 5 மீட்டர் என்றால் போகவும் வரவும் 10 மீட்டர் தாமிரம். 0.75-ல் 0.23 ஓம், 2.5 சதுர மி.மீ.யில் 0.07. 4.8 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கு 0.23 என்பது கிட்டத்தட்ட 5 சதவீதம். 8 ஓமுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இங்கே விளிம்புக்கு வந்துவிடும். முனையில் ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலே அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

செவிவழி

நன்றி. "இ"யை விட்டுவிட்டேன். "அ", "ஆ" இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு எடுக்கிறேன்.

டெசிபல்தாசன்

கேட்கும்போது ஒன்று. ஒரே குமிழ் நிலையில் மாற்றி மாற்றிக் கேட்டால் "ஆ" 4 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும், கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நன்றாகவே தோன்றும். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய பிங்க் நாய்ஸை (சீராக இரையும் சோதனை ஒலி) ஓடவிட்டு, கைப்பேசியில் ஒரு சத்தமானியை உட்காரும் இடத்தில் அசையாமல் வையுங்கள். "ஆ"வில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, "அ"வுக்கு மாற்றி, அரை டெசிபலுக்குள் அதே எண் வரும்வரை குமிழை ஏற்றுங்கள். கைப்பேசி காட்டும் எண் சரியா தப்பா என்பது முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒரே கைப்பேசி, ஒரே இடம் என்பதே வேண்டியது. கம்பியை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு மாற்றுங்கள். குமிழின் இரண்டு நிலைகளையும் பென்சிலால் ஒட்டுத்தாளில் குறித்துவிட்டால் பாட்டுக்குப் பாட்டு அளக்க வேண்டியதில்லை.