ஓடும் பிள்ளைகளைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கி, என் பிள்ளைகளைப் படமெடுத்தே போட்டோகிராபி கற்று வருகிறேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது எடுத்தவை அவ்வளவு அழகு. பக்கவாட்டில் விழும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே மனசு நிறைகிறது. மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போதுதான் சிக்கல். ஷட்டர் வேகத்தை 1/60 நொடி வைத்தால் கைகால் கலங்கித் தெரிகிறது. 1/500 வைத்தால் இருட்டு. சரி என்று ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறன் அளவை) 6400-க்கு ஏற்றினால் முகமெல்லாம் புள்ளி புள்ளி. 50 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 1.8-க்கு அகலமாகத் திறந்தால் அக்கா தெளிவு, பின்னால் நிற்கும் தம்பி மங்கல். ஃபிளாஷ் போட்டால் சின்னவனுக்குக் கண் கூசுகிறது.

இதில் எதை விட்டுக்கொடுக்கலாம்? ஃபோகஸை எந்த மோடில் வைப்பீர்கள்? சொல்லுங்கள், இன்று மாலையே முயற்சி செய்கிறேன்.