பிளேசன்: ‘சின்ன விளக்கம்’ வேண்டாமே

வணக்கம். மேலைநாட்டுக் குலச்சின்னக் கேடயம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாலேயே வரையறுக்கும் வாசகம்தான் பிளேசன் (blazon). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த முன்மொழிவு இது:

> பிளேசன் = சின்ன விளக்கம். இதையே வைத்துவிடலாமா?

எனக்கு உடன்பாடில்லை. முதலில், எவர் படித்தாலும் ‘சிறிய விளக்கம்’ என்றுதான் படிப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், விளக்கம் என்றால் படம் முன்னாலேயே இருக்கிறது, பிறகு யாரோ விளக்குகிறார் என்றாகிவிடும். பிளேசனில் அப்படியே தலைகீழ். சொல்தான் மூலம், ஓவியர் அதைப் படித்துத்தான் கேடயத்தை வரைகிறார்.

ஜோசப் லிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டிச் சீழ் வராமல் காத்த அதே அறுவை மருத்துவர், 1897இல் பிரபு ஆனார். அவர் கேடயத்தின் பிளேசன்: எர்மின் தோல் (வெள்ளை மயிரில் கறுப்புப் புள்ளிகள்), குறுக்கே கறுப்புப் பட்டை, அதில் ஆறுமுனை வெள்ளி விண்மீன் மூன்று, மேலே நிமிர்ந்த அஸ்கிலிப்பியஸ் கோல் (ஒற்றைப் பாம்பு சுற்றிய மருத்துவச் சின்னம்), இயல்நிறத்தில். பாம்பு கோலை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று இதில் ஒரு சொல் இல்லை, இரண்டு ஓவியர்கள் இரண்டு விதமாக வரைந்தாலும் இரண்டும் அவர் சின்னமே. பாம்பு இரண்டாகிவிட்டால்தான் வம்பு, அது வணிகருக்கும் தூதருக்கும் உரிய கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸின் கோல் (அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் அதைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டது, அது தனிக் கதை).

அதனால் என் பரிந்துரை ‘சொல்வரைவு’. வரைதல் நமக்கு எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுச்சொல். அரசன் சின்னங்களைச் சொல்லாலேயே காட்டுவதும் நமக்குப் புதிதில்லை, சின்னப்பூ என்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. முழுப்பெயர் வேண்டுமென்றால் ‘இலச்சினைச் சொல்வரைவு’, இலங்கையில் இலச்சினை இன்றும் புழக்கத்தில் உள்ள சொல்தானே.

கேடயத்தில் வரும் கோல், விண்மீன் போன்ற உருவங்களுக்குப் ‘பொறி’ சரி. புலிப்பொறி, கயற்பொறி என்று பழகிய சொல். ஆனால் பிளேசனுக்கு முன்மொழியப்பட்ட ‘பொறியுரை’ வேண்டாம், மோட்டார் கையேடு மாதிரி ஒலிக்கிறது.

அப்புறம் டெக்ஸ்டர் (dexter), கேடயத்தின் ஒரு பக்கத்தைக் குறிக்கும் சொல். அதற்கு ‘வலம்’ போதும், ஆனால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம், பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். மருத்துவர்கள் குழம்ப மாட்டார்கள், எக்ஸ்ரேயில் நோயாளியின் வலத்தைத்தானே வலம் என்கிறார்கள். மற்றவர்களுக்காக வரையறையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

எர்மினை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன். ‘வெண்மயிர்த்தோல்’ என்றால் கறுப்பு வால்முனைப் புள்ளிகள் விடுபட்டுப் போகின்றன. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.