டி-மார்ட் பி.இ. சார்ட்டும் நீங்களும்: அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கடைசிபெஞ்ச்:
டி-மார்ட் சூப்பர் மார்க்கெட் பங்கின் பி.இ. சார்ட்டை, அதாவது விலை ஒரு பங்கு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் கோட்டை, பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபர், விலை 5,900-ஐ எட்டிய சமயம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில், அந்தப் பங்கை வைத்திருந்த மச்சான். "பி.இ. 300 பக்கம் நிக்குதே மச்சான், பயமா இல்லையா?" என்று கேட்டேன். ரசத்தை ஊற்றச் சொல்லிக்கொண்டே, "பி.இ. பாக்குறவன் கடையை வெளியில நின்னுதான் பாப்பான்" என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு.

இன்றுவரை குடைகிற விஷயம் என்னவென்றால், கம்பெனி வளரும் என்று அவன் நம்பியது தப்பாகவில்லை. 2021-22-இல் சுமார் 1,490 கோடியாக இருந்த லாபம் 2024-25-இல் 2,700 கோடியைத் தாண்டியது. கடைகள் 400-க்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் 2025 மார்ச் முடிவில் விலை 4,000 சொச்சம்தான், பி.இ. 100 பக்கம். லாபம் ஏறியதை எல்லாம் விகிதம் இறங்கியே தின்றுவிட்டது. அவன் இன்னும் விற்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி?

மாசக்கடைசி:
எனக்கு நேர் எதிர். ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீடு) எனக்குப் பங்கு ஒதுக்கப்படவில்லை, ஆபீஸில் பக்கத்து சீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது, 299 ரூபாயில் 50 பங்கு. 2017 மார்ச் 21 காலை 600-க்கு மேல் திறந்ததுமே விற்றுவிட்டு செக்ஷனுக்கே டீ, வடை வாங்கினார். வெளியீட்டு விலையிலேயே அந்த வருட லாபத்தைப் போல 39 மடங்கு, அன்று மாலைக்குள் 80-ஐத் தாண்டிவிட்டது. "80 மடங்கு குடுத்து மளிகைக் கடை வாங்குறவன் இருக்கான் பாரு" என்று வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். அதன் பிறகு வந்த எந்தச் சரிவிலும் அந்த 80-க்குக் கீழே அது வந்து நின்றதாக நான் பார்க்கவில்லை. இப்போது எங்கள் செக்ஷனில் டி-மார்ட் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

கணக்குப்புலி:
@கடைசிபெஞ்ச், உங்கள் 300 பாதி மாயை. 2019-20-இல் லாபம் 1,301 கோடி. அடுத்த வருடம் ஊரடங்கில் 1,099 கோடி. விலையை வகுக்கிற லாபம் சுருங்கினால் பி.இ. ஊதத்தான் செய்யும். மச்சானைக் குறை சொல்லும் முன் அதைப் பார்த்திருக்கலாம்.

என் அனுபவம் வேறு. ஒரு ஆப்பில் ஒரு பி.இ., இன்னொரு தளத்தில் வேறு பி.இ., அதே நாள், அதே விலை. கஸ்டமர் கேரில் பேசியவருக்கே புரியவில்லை, "ரெண்டுமே சரிதான் சார்" என்றார். உண்மையில் ரெண்டுமே சரிதான்! ஒன்று ஸ்டாண்ட்அலோன் (தாய்க் கம்பெனி மட்டும்), மற்றது கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்து). டி-மார்ட் ரெடி என்கிற ஆன்லைன் வியாபாரம் துணை நிறுவனத்தில் இருக்கிறது, அதன் நஷ்டம் கன்சாலிடேட்டட் கணக்கில்தான் வரும். 2024-25-இல் ஒன்று 2,927 கோடி, மற்றது 2,707 கோடி. பத்து வருட சார்ட் போடுகிறவர்கள் எதை எடுத்தோம் என்றுகூட எழுதுவதில்லை.

கடைசிபெஞ்ச்:
@கணக்குப்புலி, ஊரடங்கு லாபத்தை விடுங்கள். பிறகு வந்த 1,490 கோடியால் வகுத்தாலும் 250-க்கு மேல் வருகிறது. மாயை போனபின் மிச்சம் இருப்பதே அவ்வளவு. மச்சானை நான் குறையும் சொல்லவில்லை.

பழையபஞ்சாங்கம்:
என் சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது, 2000-இல் வால்மார்ட் வாங்கினார். பத்து வருடம் கழித்தும் விலை ஏறக்குறைய அதே இடம். "பேங்க்ல போட்டிருக்கலாம்டா" என்றார். அனுபவம் அவ்வளவுதான், மீதி அறிவுரை.

1999 முடிவில் அந்தப் பங்கு 70 டாலர் பக்கம், ஒரு பங்கு லாபம் ஒன்றேகால் டாலர் அளவு. அதாவது பி.இ. 50-க்கு மேல். பத்து வருடத்தில் லாபம் மூன்று மடங்கு ஆகி 3.70 டாலர் பக்கம் வந்தது. விலையோ 50 சொச்சம், பி.இ. 15-க்கும் கீழே. (2024 பிப்ரவரியில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்ததால் இன்றைய சார்ட்டில் இந்த விலைகள் மூன்றில் ஒன்றாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.) 2015 அக்டோபரில் சம்பள உயர்வாலும் ஆன்லைன் செலவாலும் லாபம் குறையும் என்று அவர்களே சொன்னதும் ஒரே நாளில் 10% விழுந்தது. அப்போது பி.இ. 13 பக்கம், வாங்க ஆள் இல்லை. 2025-இல் 35-க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2019 ஜனவரியில் முடிந்த ஆண்டுக்கு மட்டும் சார்ட் 40-க்கு மேல் துள்ளும். கையில் இருந்த ஜேடி.காம் (சீன ஆன்லைன் கடை) பங்கின் மதிப்பு இறங்கியது போன்ற கணக்குகள் லாபத்தைச் சாப்பிட்டதால் வந்த துள்ளல் அது, கடை வியாபாரத்தால் வந்ததில்லை.

ஆகவே தம்பிகளே, விகிதத்தை மட்டும் பார்க்காமல் பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சியைப் பாருங்கள். டி-மார்ட்டில் இரண்டு வருடம் தாண்டிய கடைகளுக்கு அது 2016-17-இல் 21.2%, 2024-25-இல் 8.4%. எனக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால் பி.இ. கோடு ரெண்டாம்பட்சம்.

ஒத்தரூபா:
சார்ட்டில் வரும் மீடியன் கோட்டை, அதாவது இத்தனை வருட பி.இ.-க்களின் நடு மதிப்பை, பற்றி யாரும் பேசவில்லையே. 2024 அக்டோபர் 14, காலாண்டு முடிவுக்குப் பின் பங்கு 8%-க்கு மேல் சரிந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பி.இ. கோடு மீடியனுக்குக் கீழே, பச்சை வட்டம், "தள்ளுபடி!!" என்று. அந்த மீடியனே 100-க்கு மேல். சார்ட் தொடங்குவதே 2017-இல், அதற்கு முன் லிஸ்டிங்கே இல்லை. பிறந்ததிலிருந்து காஸ்ட்லியாக இருந்த ஒன்றின் மீடியன் எப்படிங்க மலிவுக்கு அளவுகோல் ஆகும்? கேட்டேன். அட்மின் என்னை மியூட் செய்துவிட்டார்.

அப்புறம் @பழையபஞ்சாங்கம் ஐயா, வால்மார்ட் 1974 முதல் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம்) தருகிறது, டி-மார்ட் லிஸ்ட் ஆனதிலிருந்து தந்ததே இல்லை. சித்தப்பா கணக்கில் டிவிடெண்டைச் சேர்த்தீர்களா?

பழையபஞ்சாங்கம்:
சேர்த்தேன் தம்பி. 1999 டிசம்பரில் வாங்கியவருக்கு 2009 டிசம்பரில் டிவிடெண்டோடு சேர்த்தும் முதல் திரும்பவில்லை. சித்தப்பா கொஞ்சம் இறங்கிய பிறகு வாங்கியதால் டிவிடெண்ட் அளவுக்காவது தேறினார்.