க்வாய் ஆற்றுப் பாலம்: படத்தில் வரும் கர்னல் உண்மையில் இருந்தவரா?

கேள்வி

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த ரயில்பாதைக்காக பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பாலம் கட்டும் கதை அது. கிழிந்த காலணிகளோடு சீட்டியடித்தபடி முகாமுக்குள் அணிவகுத்து வரும் கைதிகளும், தம் வீரர்களின் கட்டுக்கோப்பைக் காக்கத் தொடங்கி முடிவில் எதிரிக்கே உறுதியான பாலம் கட்டிக்கொடுக்கும் கர்னல் நிக்கல்சனும் மனத்தை விட்டு அகலவில்லை. அப்படி ஓர் அதிகாரி இருந்தாரா? ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை என்று காட்டுவது சரிதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். உண்மையான பாலத்தருகே இருந்த தமர்கான் முகாமில் கைதிகளுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி. தம் ஆட்கள் உயிரோடு ஊர் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய கவலையாக இருந்தது; அதற்காகவே ஜப்பானியரிடம் ஓயாமல் வாதாடினார், முகாமின் சுகாதாரத்தில் கண்டிப்பு காட்டினார். பாலத்தின் மீது அவருக்கு எந்தப் பெருமிதமும் இருக்கவில்லை. கைதிகள் கறையான்களைத் திரட்டி வந்து மரத்தூண்களில் விட்டார்கள். கான்கிரீட்டையும் வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். ஆகவே படத்தைப் பார்த்த முன்னாள் கைதிகள் பலர் வருந்தியதில் வியப்பில்லை.

படத்தில் ஜப்பானிய முகாம் தலைவராக வரும் சைட்டோவின் பெயரில் ஒருவர் அங்கே உண்மையாகவே இருந்தார். ஆனால் அவர் முகாம் தலைவர் அல்லர், அடுத்த நிலையில் இருந்தவர். மற்றவர்களைவிட மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவர். போருக்குப் பின் அவருக்காக டூஸியே பரிந்து பேசினார். டூஸி இறந்த பிறகு, 1984இல் சைட்டோ இங்கிலாந்து சென்று அவருடைய கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். படத்தில் இல்லாத இந்தக் காட்சிதான் என்னை மிகவும் உருக்கியது.

பதில் 2

பொறியாளர் பற்றிய கேள்விக்கு: ஜப்பானிய ரயில்வேப் பொறியாளர்கள் தேர்ந்தவர்கள். ஏறத்தாழ 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் இணைந்துவிட்டது. பாலமும் ஒன்றன்று, இரண்டு: முதலில் மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் அமைந்த பாலம். அவற்றைத் தகர்த்தவை நேச நாட்டு விமானங்களே. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நிற்கும் பாலத்தில் வளைந்த சட்டங்கள் பழையவை; நடுவில் கோணலாகத் தெரியும் இரண்டும் போருக்குப் பின் மாற்றப்பட்டவை. படத்தில் வெடித்துச் சிதறுவதோ இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் படத்துக்காகவே கட்டிய பாலம்.

பதில் 3

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் கூறியவை அனைத்தும் சரி. ஆனால் கர்னலைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தால் படம் விட்டதை நாமும் விட்டுவிடுவோம். அந்தப் பாதையில் உழைத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், மாண்டவர்கள் 12,000க்கும் மேல். அவர்களைவிடப் பல மடங்காக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும்) வேலையும் அரிசியும் இல்லாமல் தவித்தவர்களிடம் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து, லாரியில் ஏற்றியதும் உண்டு.

கைதிகளுக்குத் தம் படையைச் சேர்ந்த மருத்துவர்களாவது உடன் இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கொதிக்க வைத்த நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லவும் ஆளின்றி, குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள். இறந்த ஆசியர்கள் 70,000க்குக் குறையார் என்றும், 90,000ஐத் தாண்டுவர் என்றும் மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்த கற்களின் கீழ் உறங்குகிறார்கள். எங்கள் பாட்டியின் தமையனார் சயாமுக்குப் போனவர். அவர் புதைந்த இடம் தெரியாததால், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு அவர் கிளம்பிய நாளையே திதியாக வைத்துப் பாட்டி இறுதிவரை படையல் இட்டு வந்தார்.