பிரிட்டிஷ் போலீஸ் தொடர்கள்: ஐம்பது வருடப் பழசு கூட ஏன் அலுக்கவில்லை?

மழைக்கோட்டு:

ஒரு சந்தேகம். ஒரே ஒரு அத்தியாயம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் 'தி ஸ்வீனி'யைப் போட்டேன். 1975-ல் வந்த தொடர். படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, எல்லோரும் எல்லா இடத்திலும் சிகரெட் பிடிக்கிறார்கள், பாதி வசனம் லண்டன் கொச்சை என்பதால் சப்டைட்டில் இருந்தும் பிடிபடவில்லை. ஆனாலும் நிறுத்த முடியாமல் இப்போது இரண்டாவது சீசனில் நிற்கிறேன். இதற்கு முன் 'ஹேப்பி வேலி', போலீஸுக்குள்ளேயே ஊழலைத் தேடும் 'லைன் ஆஃப் டியூட்டி' இரண்டையும் இதே வெறியோடு பார்த்து முடித்தேன். பணத்தைக் கொட்டி எடுத்த பளபளப்பான துப்பறியும் தொடர்களோ பாதியிலேயே தூக்கத்தை வரவழைக்கின்றன. பழைய நினைவு என்றும் சொல்ல வழியில்லை. அந்த ஊர் எனக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் நான் பிறக்கவும் இல்லை. அப்புறம் இந்தப் புகையும் அழுக்குமான கதைகளில் என்னதான் இருக்கிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது சீசன் கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பழையபெட்டி:

ஸ்வீனியைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அது வந்த அதே 1975-ல் பிபிசியில் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1955-ல் ஆரம்பித்த தொடர், பேட்டைக்கே பெரியப்பா மாதிரி ஒரு போலீஸ்காரர், தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லி ஆரம்பித்து, முடிவில் அறிவுரையும் சொல்லிவிட்டுப் போவார். 1976-ல் அதை நிறுத்தியபோது டிக்சனாக நடித்த ஜாக் வார்னருக்கு வயது 80! ஒரு சேனலில் எண்பது வயது நல்ல போலீஸ், அடுத்த சேனலில் மேலதிகாரியிடம் எகிறிக்கொண்டு, சந்தேகப்பட்டவனைச் சுவரோடு சேர்த்து நெருக்கும் ஸ்வீனியின் நாயகன் ஜாக் ரீகன். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

நடுவில் 1962-ல் 'இசட் கார்ஸ்' வந்து பாதை போட்டது, அதையும் மறக்கக் கூடாது. முதல் அத்தியாயத்திலேயே மனைவியின் கண்ணை வீங்கவைத்த ஒரு போலீஸ்காரரைக் காட்டினார்கள், காவல்துறை கொதித்துப்போனது.

நீங்கள் சொன்ன அந்தப் புள்ளி புள்ளியான படத்துக்கும் காரணம் உண்டு. அப்போது பெரும்பாலான நாடகங்களை ஸ்டூடியோவில் செட் போட்டு வீடியோவில் எடுப்பார்கள், கதவைச் சாத்தினால் சுவரே ஆடும். ஸ்வீனியை எடுத்த யூஸ்டன் ஃபிலிம்ஸ் ஆட்கள் 16 எம்எம் கேமராவைத் தூக்கிக்கொண்டு லண்டன் தெருவுக்கே போனார்கள், ஓர் அத்தியாயத்துக்குப் பத்து நாள் படப்பிடிப்பு, அவ்வளவுதான். பாழடைந்த கிடங்கு, தேம்ஸ் கரையில் காலியான துறைமுகப் பகுதி, வெறிச்சோடிய மனை, எல்லாம் உண்மையான இடங்கள். இன்று அவற்றில் பல இல்லவே இல்லை. யாரும் திட்டம் போடாமலே ஒரு நகரத்தின் ஆவணம் உருவாகிவிட்டது, நம்மை இழுப்பதில் பாதி அதுதான் என்பேன்.

மீதிப் பாதி இன்னும் சுவாரசியம். தொடர் காட்டும் ஃப்ளையிங் ஸ்குவாட் லண்டன் போலீஸின் உண்மையான பிரிவு, ஆயுதக் கொள்ளைகளைப் பிடிப்பவர்கள். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1977-ல், அந்தப் பிரிவின் முன்னாள் தலைவர் கென்னத் ட்ரூரிக்கு லஞ்ச வழக்கில் எட்டு வருடம் சிறை. ரீகன் விதியை மீறுகிறானே என்று பார்வையாளர்கள் பதறிக்கொண்டிருந்த நேரத்தில் நிஜத்தில் நடந்தது அதைவிட மோசம். மறு வருடமே பிபிசி 'லா அண்ட் ஆர்டர்' என்று நான்கு படங்கள் எடுத்தது, போலீஸ், திருடன், வக்கீல், கைதி என்று ஆளுக்கொரு படம், அதில் சாட்சியத்தைச் சோடிப்பது அன்றாட ஆபீஸ் வேலை மாதிரி நடக்கும். நாடே சண்டை போட்டது.

நீலவிளக்கு:

பழையபெட்டி சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஸ்வீனியைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட என்னால் முடியாது. அதில் பெண்கள் யார்? படுக்கையில் இருப்பவள், பாரில் ஊற்றிக்கொடுப்பவள், இல்லாவிட்டால் திருடனின் மனைவி. அந்த முரட்டுத்தனத்தை ரசித்து ரசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பதில் 1991-ல் வந்தது, 'ப்ரைம் சஸ்பெக்ட்'. ஹெலன் மிர்ரன் நடித்த ஜேன் டென்னிசன், ஒரு கொலை வழக்கின் நடுவே பொறுப்பேற்கிறார், கீழே வேலை செய்யும் ஆண்கள் அத்தனை பேரும் அவர் தோற்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். கொலையாளி யார் என்பதைவிட அந்த அறையில் அவரை எப்படிப் பேசவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் பதைக்கவைக்கும். எழுதிய லிண்டா லா பிளான்ட், ஜாக்கி மால்டன் என்ற நிஜ போலீஸ் அதிகாரியோடு பேசி அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். மால்டன் ஃப்ளையிங் ஸ்குவாடிலும் வேலை பார்த்தவர்! ரீகன் உட்கார்ந்த அதே பிரிவில் ஒரு பெண்ணுக்கு நாள் எப்படிக் கழியும் என்று தெரிந்தவர். முன்னால் வந்த தொடர் எதை மறைத்ததோ அதை அடுத்த தொடர் பிடுங்கிக் காட்டும், இந்த வகை அலுக்காமல் இருப்பதற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

அந்த வரிசையில்தான் 'ஹேப்பி வேலி'யும். கேத்தரின் கேவுட் பெரிய துப்பறியும் நிபுணர் கிடையாது, சீருடை போட்ட சார்ஜன்ட். பேத்தல் போதைக்காரன் ஒருவனைச் சமாதானப்படுத்துவதும் அவர் வேலை, பேரனுக்குச் சாப்பாடு போடுவதும் அவர் வேலை. 2023-ல் வந்த கடைசி அத்தியாயத்தின் உச்சக்காட்சி ஒரு சமையலறையில், இரண்டு பேர் பேசுவது. துரத்தல் கிடையாது. நான் மூச்சுவிட மறந்து பார்த்தேன்.

வக்கீல்குமாஸ்தா:

பேச்சுதான் விஷயமே. வட அயர்லாந்து தவிர அங்கே சாதாரண போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை, அதனால் கதாசிரியர் நினைத்தவுடன் சுட்டு முடித்துவிட முடியாது. வாயால்தான் சமாளிக்க வேண்டும், அல்லது அடி வாங்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. 1984-ல் பேஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காவல், குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. அதற்கு முன் சொல்லாத வாக்குமூலத்தைச் சொன்னதாக நோட்டில் எழுதிக்கொள்வது சகஜம். சட்டம் வந்த பிறகு விசாரணையை அன்று டேப்பில் பதிய வேண்டியிருந்தது, ஒரு கேசட்டைக் கைதியின் கண்முன் சீல் வைக்க வேண்டியிருந்தது, வக்கீல் பக்கத்தில் உட்காரலாம், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் குற்றம் சாட்ட வேண்டும் அல்லது விட வேண்டும். கடுமையான குற்றம் என்றால் நீட்டிக்கலாம், அதற்கும் மேலதிகாரி, மாஜிஸ்ட்ரேட் என்று படியேற வேண்டும். ரீகனுக்கு இதெல்லாம் கிடையாது, அதனால் கை நீட்டினான். பின்னால் வந்தவர்களுக்கு ஒரு மேசை, ஒரு ரெக்கார்டர், ஓடும் கடிகாரம். 'லைன் ஆஃப் டியூட்டி'யில் அந்த ரெக்கார்டர் நீளமாகக் கூவும்போது எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். கண்ணாடி அறைக்குள் நாலு பேர் கோப்பைப் புரட்டிக்கொண்டு பேசும் காட்சி, கால் மணி நேரத்துக்கும் மேலே போகும், அதை மக்கள் கிரிக்கெட் ஃபைனல் மாதிரி பார்த்தார்கள்.

கடைசிபெஞ்ச்:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் ஒரு கல் போடுகிறேன். இந்த அழுக்கே இப்போது ஃபார்முலா ஆகிவிட்டது. சாம்பல் நிற வானம், விவாகரத்தான அதிகாரி, டிராயரில் விஸ்கி, பழைய பாவம் ஒன்று, கடைசியில் போலீஸுக்குள்ளேயே கறுப்பு ஆடு. 'லைன் ஆஃப் டியூட்டி'யின் ஆறாவது சீசன் முடிவை 2021-ல் ஒரு கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திட்டினார்கள். ஊழல் போலீஸ்காரர்களுக்குத் தலை என்று அத்தனை வருடம் தேடிய ஆள் இவரா என்று. எனக்கு அந்த முடிவு பிடித்தது என்பது வேறு விஷயம், ஊழல் என்பது பெரும்பாலும் திறமையில்லாத ஆட்களின் சோம்பல்தான், ராட்சச மூளை கிடையாது. ஆனால் ரசிகர்களுக்கு ராட்சசன் வேண்டியிருந்தது. அப்படியானால் நாம் நிஜத்துக்காகவா பார்க்கிறோம்?

மழைக்கோட்டு:

கடைசிபெஞ்ச், நீங்கள் கேட்டது கொஞ்சம் உறுத்துகிறது. திட்டிய பாதிப் பேரில் நானும் ஒருவன். சரி, ஸ்வீனி முடிந்ததும் அடுத்து எதை எடுக்கலாம்? ராட்சசன் இல்லாததாகச் சொல்லுங்கள்.

பழையபெட்டி:

'தி ரெஸ்பாண்டர்', 2022. லிவர்பூலில் இரவு ரோந்து போகும் ஒரு போலீஸ்காரர், மார்ட்டின் ஃப்ரீமன். எழுதிய டோனி ஷூமாக்கர் அதே ஊரில் போலீஸாக இருந்தவர், அந்தக் களைப்பு ஒவ்வொரு அழைப்பிலும் தெரியும்.

நீலவிளக்கு:

கூடவே 'ப்ளூ லைட்ஸ்'. பெல்ஃபாஸ்ட், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர். இங்கே எல்லோரிடமும் துப்பாக்கி உண்டு, குமாஸ்தா சார் 'தவிர' என்று விலக்கிய வட அயர்லாந்து இதுதான். வீட்டுக்குப் போகும்போது தான் போலீஸ் என்பதை அக்கம்பக்கத்தில் மறைக்க வேண்டியிருக்கிறது, பயம் அங்கேதான் இருக்கிறது. பழசே வேண்டும் என்றால் கிளாஸ்கோவின் 'டாகர்ட்' இருக்கிறது, ஆனால் சப்டைட்டில் இல்லாமல் பார்க்க உட்காராதீர்கள், முதல் அரை மணி நேரம் அது ஆங்கிலம் என்றே தெரியாது.