மறு: ஸ்கம்பிளிங் – ‘மூட்டப்பூச்சு’ என்னும் பரிந்துரை

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

எண்ணெய் வண்ணத்தில் கடற்காட்சி தீட்டக் கற்பவர்களுக்கான பாடக்குறிப்பில், ‘ஸ்கம்பிளிங்’ (காய்ந்த அடர்நிறப் பரப்பின் மேல் ஒளி புகாத வெளிர்வண்ணத்தை மெல்லிய படலமாகத் தேய்க்கும் முறை) என்பதற்குத் தமிழில் ‘உலர்தேய்ப்பு’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு ஏறத்தாழ உலர்ந்த நிலையில் தேய்ப்பதால் சொல் பொருந்துவதுபோல் தெரியலாம். ஆனால் அது, ஈரம் குறைந்த தூரிகையால் தாளின் சொரசொரப்பு தெரியத் தீட்டும் ‘டிரை பிரஷ்’ என்ற முறைக்கு உரியது. நீர்வண்ணத்தில் பழகியவர்கள் அந்தப் பொருளில்தான் கொள்வார்கள். மேலும், கை எப்படி அசைகிறது என்பதைவிட, அந்தப் படலத்தில் ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லும் பெயரே கற்பவருக்கு உதவும் என்பது என் கருத்து. அதனால் ‘மூட்டப்பூச்சு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

தொடுவானத்தை ஒட்டிய கடலை முதலில் சற்று அடர்ந்த நீலச்சாம்பலில், டர்பன்டைன் கலந்து மெலிதாகத் தீட்டிக் காயவிடுகிறோம். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதால், மெல்லிய படலத்துக்கும் சில நாட்கள் ஆகும். காய்ந்தபின், டைட்டானியம் வெள்ளை கலந்த, ஒளி புகாத வெளிர்வண்ணத்தைப் பன்றிமயிர்த் தூரிகையால், கீழ்ப்படலம் ஆங்காங்கே தெரியும்படி இழுத்தால் கடல் விலகித் தொலைவுக்குப் போய்விடுகிறது. வெண்ணிறமியின் நுண்துகள்கள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால், கருமையான அடிப்பரப்பின் மேல் அந்த மெல்லிய பூச்சு நீலம் பாரித்துத் தோன்றுகிறது. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவதும் இதையொத்த ஒளிச்சிதறலால்தான். காற்றில் மூட்டம் செய்வதைக் கித்தானில் இந்தப் படலம் செய்கிறது என்பதால், ‘மூட்டப்பூச்சு’ என்பதை உவமைப்பெயராக அன்றிக் காரணப்பெயராகவே கொள்ளலாம்.

மூட்டுவலித் தைலத்தின் பெயர்போல் ஒலிக்கிறது என்று எவரேனும் சொல்லக்கூடும். ‘மூட்டுப்பூச்சு’ என்று எழுதினால்தான் அந்தக் குழப்பம். மேகமூட்டம், பனிமூட்டம் என்று அன்றாடம் சொல்லும் நாவுக்கு ‘மூட்டப்பூச்சு’ அயலானதன்று. ‘மங்கல் பூச்சு’ என்ற மாற்று எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அது ஓவியத்தில் நேர்ந்த குறையைச் சொல்வதுபோல் இருக்கிறது.

இதன் இணையான, ஒளிபுகு வண்ணத்தை மெலிதாகப் பூசும் ‘கிளேஸிங்’ என்பதற்கு ‘மெருகு’ என்று எழுதுவதையும் கைவிட வேண்டும். அந்தச் சொல் மட்பாண்டத்துக்கும் வார்னிஷுக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. காய்ந்த வெளிர்பரப்பின் மேல் விரிடியன் என்னும் பச்சை போன்ற ஒளிபுகு நிறமியை எண்ணெயில் இளக்கிப் பூசும்போது, ஒளி அந்தப் படலத்தின் ஊடாகக் கீழே சென்று, வெளிர்பரப்பில் பட்டு, பசுமை ஏறித் திரும்புகிறது. உடையப்போகும் அலையின் முகட்டில் வெயில் ஊடுருவுவதைக் காட்ட இதைவிடச் சிறந்த வழியில்லை. ‘ஊடொளிப்பூச்சு’ என்றால் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு நிற்கும்.

எடுத்துக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். பாடக்குறிப்பில் மூட்டப்பூச்சுக்கு, பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் தீட்டிய ட்ரூவில் கடற்கரை ஓவியத்தைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லண்டன் நேஷனல் கேலரியிலுள்ள அந்தப் படத்தின் வண்ணத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருப்பது, அது கடற்கரையிலேயே தீட்டப்பட்டது என்பதற்குச் சான்று. அதை ஈரத்தின் மேல் ஈரமாகத் தீட்டும் விரைவு முறையைப் பேசும்போது காட்டலாம். மூட்டப்பூச்சுக்குக் காய்ந்த அடிப்பரப்பு வேண்டும். 1880களில் எத்ரெத்தா என்னும் கடலோர ஊரில் தொடங்கிப் பின்னர் ஜிவெர்னி ஊரிலிருந்த தம் ஓவியக்கூடத்தில் மோனே மீண்டும் கைவைத்த படங்களே அந்தப் பாடத்துக்குப் பொருத்தமானவை.

வினைவடிவம்தான் இன்னும் முடிவாகவில்லை. ‘மூட்டமிடு’ என்பது எனக்கு ஏற்புடையதே. ‘ஊடொளியிடு’ என்பது நாவில் இடறுகிறது, ஆகவே அங்கே ‘ஊடொளி பூசு’ என்று பிரித்தே எழுதலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.