12 வோல்ட் அடாப்டரில் எல்இடி விளக்கு: பல ஊர்களில் அளந்து பார்த்தவர்கள் சொல்வது

கும்பகோணம்:
கையால் செய்த விளக்கு பழுதென்று வந்தால் முதலில் அடாப்டரைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். மேலே போட்டிருக்கும் 12 வோல்ட், அதன் முழு ஆம்பியரையும் இழுக்கும்போது கிடைப்பது. சும்மா மல்டிமீட்டர் வைத்தால் 16, 17 காட்டும். வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட், மூன்றைத் தொடராகப் போட்டால் 9.6. மீதி 2.4 வோல்ட்தானே என்று 120 ஓம் ரெசிஸ்டர் போட்டுவிடுவார்கள். 17 வோல்ட் வந்தால் அதில் 60 மில்லி ஆம்பியர் ஓடும். 20க்குச் செய்த 5 மி.மீ. எல்இடி எத்தனை நாள் தாங்கும்?

மன்னார்குடி:
அண்ணன் சொன்னதோடு நம்ம ஊர் லைனையும் சேர்த்துக்கணும். குறுவைக்குப் பம்புசெட் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் படுத்துவிடும், நின்றதும் எகிறும். 190 முதல் 260 வரை வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அடாப்டரில் அது ஏறக்குறைய 10 முதல் 19 வோல்ட். மூன்று எல்இடியும் 470 ஓமும் போட்டால் 19இல் 20 மில்லி ஆம்பியர், சரி. 10இல் 1கூட வராது, மினுக்கட்டாம்பூச்சிதான். இரண்டு எல்இடி, 680 ஓம் என்றால் 19இல் 18.5, 10இல் 5. வெளிச்சம் குறையும், அணையாது. ரெசிஸ்டரில் வோல்ட் வீணாகிறதே என்று கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அந்த வீண்தான் எல்இடியைக் காப்பாற்றுகிறது. அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள், கால் வாட் கொதிக்கும்.

திருவாரூர்:
ரெசிஸ்டரோடு நிற்பானேன்? கரண்டை ஒரே அளவில் நிறுத்த எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி ஒன்று போதும். எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, இடது கால் அட்ஜஸ்ட், நடு அவுட்புட், வலது இன்புட். நடுக்காலுக்கும் இடக்காலுக்கும் நடுவே 62 ஓம். எல்இடி தொடரின் பாசிட்டிவ் இடக்காலில், நெகட்டிவ் அடாப்டர் நெகட்டிவில். அந்த இரண்டு கால்களுக்கு நடுவே ஐசி எப்போதும் வைத்திருக்கும் 1.25 வோல்ட்டை 62ஆல் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். 10 வந்தாலும் 19 வந்தாலும் அதேதான். ஆனால் ஐசிக்கும் ரெசிஸ்டருக்கும் சேர்த்து 3 வோல்ட் மிச்சம் வேண்டும். அதனால் இங்கேயும் இரண்டு எல்இடிதான்.

மூன்று தொடர்களை ஒரே ஐசியில் பக்கவாட்டாகக் கட்டி, ரெசிஸ்டரைக் குறைத்து 60 மில்லி ஆம்பியர் விடுகிறார்கள். ஒரு தொடரில் ஈயப் பற்று விட்டுப்போனால் அதன் பங்கும் மற்ற இரண்டில் பாயும், பிறகு வரிசையாகப் போகும். தொடருக்கு ஒரு ஐசி என்று வையுங்கள்.

மயிலாடுதுறை:
1 வாட் எல்இடி இரண்டு வைத்தால் சார்?

திருவாரூர்:
62 ஓமுக்குப் பதில் 3.6 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். சுமார் 350 மில்லி ஆம்பியர் வரும். அடாப்டர் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தருவதாக இருக்கட்டும். ஐசியில் 3, 4 வாட் சூடு தங்கும், சூட்டை இழுக்கும் உலோகத் தகடு (ஹீட் சிங்க்) கட்டாயம். ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது. மைக்கா தகடு வைக்காமல் இரும்புப் பெட்டியில் திருகினால் ஷார்ட் ஆகலாம். எல்இடிக்கும் தனியாக அலுமினியத் தகடு வேண்டும்.

வேதாரண்யம்:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது பலரும் டிராக்டர் பேட்டரியில் விளக்கு எரித்தார்கள். அதுவும் நிலையான 12 அல்ல. எஞ்சின் ஓடினால் 14.4 வரை போகும். பேட்டரிப் பக்கமே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் ஒயர் இழுக்காதீர்கள். ஷார்ட் ஆனால் ஒயர்தான் எரியும்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கப்பாசிட்டர் ஒன்றை வைத்து 230இலிருந்து நேரே எல்இடி எரிக்கும் சர்க்யூட் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரியும், சந்தேகமில்லை. ஆனால் எல்இடியின் காலைத் தொட்டால் லைனைத் தொட்ட மாதிரி. ஐப்பசி மழையில் சுவர் ஊறி நிற்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கும்பகோணம்:
அடாப்டரைத் திறந்தால் கப்பாசிட்டரையும் பாருங்கள். 16 வோல்ட் போட்டிருந்தால் தலை உப்பியிருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் மாற்றுங்கள். பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.